ஆள் குறைந்த ஆட்டம்

என் கணவர் முதல் விடுமுறைக்கு வந்தபோது, சேலை, சென்ட், பால்பவுடர் எல்லாம் இறங்கி முடிந்த பெட்டியின் அடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். பிளாஸ்டிக் சீட்டு. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி, நிஜமாகவே கொல்லைக் குழாயைத் திறந்து இரண்டு சீட்டைக் கழுவிக் காட்டினார். மாமி ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சபர் போய்ட்டு வந்த புள்ள கொண்டாந்த சாமானைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெளிநாடு போவதை எங்கள் ஊரில் சபர் என்பார்கள்.

திருவாரூருக்குத் தெற்கே, சுற்றிலும் வயல் சூழ்ந்த ஒரு சிறிய ஊர் எங்களுடையது. மாமியின் நாலு மகன்களும் அனுப்பிய காசில் எழும்பிய வீடு. நடுவில் நீளமாக ஹால், இரண்டு பக்கமும் மகனுக்கு ஒன்றாக அறைகள். நாலு மகன்களும் வளைகுடாவில் இருந்தார்கள். நாலு மருமகள்களும், மூத்தவரின் சின்னப் பிள்ளைகளும், கல்யாணமாகாத நாத்தனாரும், மாமியும் அந்த வீட்டில் இருந்தோம். ஆண்பிள்ளைத் துணை இல்லாமல் தெருவில் இறங்கக்கூடாது. துணைக்கு வர வீட்டில் ஆண்பிள்ளையே கிடையாது. அப்புறம் எப்படி இறங்குவது? துணிக்கடைக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து ஹாலில் விரிப்பார். வளையல்காரியும் மீன்காரியும் கொல்லைப்பக்கம் வருவார்கள். எங்களுக்கு எல்லாமே வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள்தான் எங்கேயும் போவதில்லை.

அந்த விடுமுறையில் அவர் எங்களுக்கு போக்கர் சொல்லிக்கொடுத்தார். ஷார்ஜாவில் அவருடைய அறையில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் கற்றதாம். ஊரில் ஆட ஆள் இல்லை. அதனால் அண்ணிமார்களையும் தம்பி மனைவியையும் தங்கையையும் என்னையும் பாயில் உட்கார வைத்தார். அவரோடு சேர்த்து ஆறு பேர்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு. அது உங்களுக்கு மட்டும் தெரியும். நடுவுல அஞ்சு சீட்டு வரும், அது எல்லாருக்கும் பொது. எல்லாம் சேர்த்து யாருகிட்ட நல்ல அஞ்சு சீட்டு இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க" என்றார்.

பந்தயம் வைக்கக் காசு கூடாது என்று மூத்த மச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். என் கணவரின் பெரிய அண்ணன் மனைவியை நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். தையல் மிஷின் டிராயரில் கிடந்த பித்தான்களைக் கொண்டுவந்து கொட்டினார். "காசு வெச்சாதான் ஹராம். பித்தானுக்கு ஒண்ணும் இல்ல" என்று மாமிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

சீட்டு விழ விழ நாலு சுற்றுப் பந்தயம்; ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் அதே அளவு வைத்துச் சரிக்கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகவேண்டும். பந்தயத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் இரண்டு சுற்றில் ஏற்றுவதென்றால் இரண்டு பித்தான். அடுத்த இரண்டு சுற்றில் நாலு. அதற்கு மேல் ஒரேயடியாக எல்லாவற்றையும் தள்ளி ஆளைப் பயமுறுத்த முடியாது. சீட்டைப் பங்கிடுகிறவருக்கு அடுத்தவர் ஒரு பித்தான், அதற்கடுத்தவர் இரண்டு பித்தான், சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்துவிட வேண்டும். இதற்கு நாங்கள் கண்மூடி என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது ஒரு ஆள் நகர்ந்து சுற்றிவரும்.

"முக்கியமானது முதல் ரெண்டு சீட்டு. அதைப் பார்த்ததும் முடிவெடுக்கணும், நிக்கிறதா போடுறதான்னு. ஆறு பேர் இருக்கிற இடத்துல யாருகிட்டயாவது நல்லது இருக்கும். அதனால வர்றதுல முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுடணும். பெரிய ஜோடி, ஆஸ் ராஜா, ராஜா ராணி, இந்த மாதிரி வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணும்."

சின்ன ஓரகத்திக்கு அது முடியவில்லை. எது வந்தாலும் உள்ளே வந்தாள், தோற்றாள், சிரித்தாள். நாத்தனாருக்கு ராணியை விட மனசு வராது. நான் மட்டும் அவர் சொன்னபடியே ஆடினேன். சீட்டைப் பார்ப்பேன், கவிழ்ப்பேன், தள்ளிவிடுவேன். என் முன்னால் பித்தான்கள் மெல்லச் சேர்ந்தன. அவர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "இவளைப் பாருங்க. இவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. இந்த ஆட்டத்துக்குன்னே பொறந்தவ."

கல்யாணமாகி அவரோடு மொத்தமாக இருந்ததே சில மாதங்கள்தான். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பெரிதாக இருந்தது. விமானத்துக்குக் கிளம்பும் முன் "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். நான் நம்பினேன்.

அவர் போன பிறகு ஐந்து பேராக ஆடினோம். மத்தியான லுஹர் தொழுது, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பாய் விரிப்போம். சாயங்கால அசருக்கு பாங்கு சொன்னதும் சுருட்டிவிடுவோம். அந்த நேரம்தான் எங்களுடையது. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே ஹாலில்தான் இருப்பார்கள். "சீட்டு நுழைஞ்ச வீட்டுல பரக்கத் தங்காது, உள்ள செல்வமும் போயிடும்" என்று அவ்வப்போது ஒரு குரல் வரும். ஆனால் எழுந்து அறைக்குள் போகமாட்டார்கள்.

அது ஊரெல்லாம் மாறிக்கொண்டிருந்த காலம். தெருமுனையில் மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத் வந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கே போன் வந்தது. மாடிகளில் கேபிள் ஒயர் ஓடியது. திருச்சியிலிருந்தே விமானம் ஏறலாம் என்றார்கள். ஆண்கள் மட்டும் போய்க்கொண்டிருந்த ஊரிலிருந்து பெண்களும் குடும்ப விசாவில் போகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு விசாவுக்கும் தெருவில் நெய்ச்சோறு மணந்தது.

முதலில் நாத்தனாருக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு சிங்கப்பூர் போனாள். சில மாதங்களில் இரண்டாவது ஓரகத்திக்கு துபாய் விசா வந்தது. கிளம்புகிற அன்று காலையில்கூட அவள் பெட்டி கட்டியபடியே, "நான் இல்லாம ஆடாதீங்கடி, அழுகை வருது" என்றாள். நாங்கள் அன்றைக்கே மத்தியானம் ஆடினோம். வேறென்ன செய்வது?

பாயில் இப்போது மூத்த மச்சி, சின்ன ஓரகத்தி, நான். மூன்று பேர்.

அப்போதுதான் நான் தோற்க ஆரம்பித்தேன். எனக்குக் காரணம் புரியவில்லை. முன்பு ஆடிய மாதிரியேதான் ஆடினேன். மோசமான சீட்டைத் தொடவே இல்லை. பெரிய பந்தயம் எதிலும் ஏமாறவில்லை. ஆனாலும் என் பித்தான்கள் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தன. எது வந்தாலும் ஆடுகிற சின்னவள், சிரித்துக்கொண்டே அள்ளினாள்.

மூத்த மச்சி ஒருநாள் சொன்னார்: "நீ ஒண்ணும் தப்பா ஆடலைடி. ஆடவே மாட்டேங்குறே. சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கே வாடகை கட்டிக்கிட்டிருக்கே."

யோசித்துப் பார்த்தேன். ஆறு பேர் இருந்தபோது கண்மூடி வைத்துவிட்டு, அடுத்த நாலு ஆட்டம் இலவசமாக உட்கார்ந்திருக்கலாம். மூன்று பேரில் ஒரே ஒரு ஆட்டம்தான் இலவசம். நல்ல சீட்டு வரும் என்று நான் காத்திருக்க, காத்திருப்பே என்னைத் தின்றுகொண்டிருந்தது.

நாலாவதாக ஆள் சேர்க்கவும் பார்த்தோம். கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மீன் விற்கிற அக்காவை ஒருநாள் கொல்லைப்படியில் உட்கார வைத்துச் சீட்டைக் கொடுத்தோம். விவரம் சொன்னோம். இரண்டு சீட்டையும் பார்த்தாள், வைத்துக்கொண்டாள். அடுத்ததையும் வைத்துக்கொண்டாள். "அக்கா, நல்லா இல்லேன்னா போட்டுடலாம்" என்றேன்.

"தூக்கிப் போடுறதுக்கா சீட்டு குடுக்கிறீங்க?" என்றாள்.

பிறகு வெயிலைப் பார்த்து, "எனக்கு பஸ்சு போயிடும்மா" என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தில் நடந்தாள். வேலியோரம் நின்று அவள் சந்து முனையில் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அலைகிற பிழைப்பு அது, காலெல்லாம் வெடிப்பு. அது தெரிந்தும் எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வரும். ஹாலில் மாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போன். மகன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட, மனைவிகள் ஒவ்வொருவராகப் பேசுவோம். என்ன பேசினாலும் வீடு முழுக்கக் கேட்கும்.

"விசா என்னாச்சுங்க?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன். சம்பளம் இவ்வளவு இருந்தாத்தான் குடும்ப விசான்னு சட்டம். இன்க்ரிமெண்ட் போடட்டும், பார்ப்போம்." பேச்சை மாற்றினார். "ஆட்டம் எப்படிப் போகுது?"

"தோக்குறேன்."

"நீயா? எத்தனை பேரு இப்ப?"

"மூணு பேரு."

"மூணு பேருக்கும் நான் சொன்ன மாதிரியேவா ஆடுறே?" அவர் சிரித்தார். "அது கூட்டத்துக்குச் சொன்னது. ஆள் குறைஞ்சா சீட்டோட விலை மாறிடும். எதிர்ல ரெண்டே பேரு. அவங்ககிட்டயும் ஒண்ணும் இருக்காது. ஆஸ் வந்தா, அதோட சேர்ந்து எது வந்தாலும் விடாதே. ராஜா வந்தா அநேகமா விடாதே. ரெண்டுல ஜோடி, மூணுல ஜோடின்னு சின்னதா வந்தாலும் நில்லு."

"எட்டு ஒம்பது ஒரே ஜாதியில வந்தா?"

"அதுக்குத்தான் இப்ப மதிப்பு கம்மி. அது அஞ்சு பேரு பந்தயம் கட்டி, நடுவுல நிறையச் சேர்ந்தாத்தான் கட்டுப்படியாகும். ரெண்டு பேரை நம்பி அதுக்குப் பின்னால ஓடாதே. இன்னொண்ணு, நிக்கிறதுன்னா ஏத்திட்டு நில்லு. அடுத்தவ வெச்சதைச் சரிக்கட்டிட்டு சும்மா உள்ள வராதே. ஏத்தினா பாதி நேரம் அவங்க போட்டுட்டுப் போயிடுவாங்க."

இவ்வளவு நேரம் அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை. குரலில் அத்தனை உற்சாகம். நான் மறுபடியும் விசா என்று வாயெடுக்கும் முன் லைன் அறுந்துவிட்டது. போனை வைத்தேன்.

"என்னடி, விசாவா?" என்றார் மூத்த மச்சி.

"இல்ல மச்சி. ராஜா வந்தா விடக்கூடாதாம்."

மச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தார்.

புதுப் பழக்கம் எளிதாக வரவில்லை. ராஜாவும் ஐந்தும் வந்த ஒரு ஆட்டம் ஞாபகம் இருக்கிறது. அதுவரை யோசிக்காமல் கவிழ்த்திருப்பேன். அன்றைக்கு இரண்டு பித்தானை அதிகமாக வைத்து ஏற்றினேன். சின்னவள் போட்டுவிட்டாள். மச்சி நின்றார். நடுவில் விழுந்த சீட்டுகளில் ஒரு ஐந்து. அதற்கு மேல் மச்சிக்கு உதவியாக எதுவும் விழவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நான் பந்தயம் கட்ட, அவர் சரிக்கட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஆஸ் ராணியை விரித்தார். நான் இரண்டு ஐந்துகளின் ஜோடியைக் காட்டினேன்.

"இத்துப்போன அஞ்சுல ஜோடியா! இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு ஏத்தினே?" என்று பித்தான்களை என் மேல் எறிந்தார். நாற்காலியிலிருந்து "ஹும்" என்று ஒரு சத்தம். மாமி முகம் இப்போது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் கொல்லைப்படியெல்லாம் பாசி. மாமி வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. வாடகைக் கார் பிடித்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, வீட்டுக்குத் திரும்பியபோது மாமியின் நாற்காலி இருந்த இடத்தில் கட்டில் போட்டோம். எழுப்பி உட்கார வைக்க, குளிப்பாட்ட, கழிவறைக்குத் தாங்கிப்போக எப்போதும் ஒரு ஆள் வேண்டும். வேலைக்கு வைத்த பெண்களை மாமி தொடவிடவில்லை. மருமகள்தான் தொடவேண்டும்.

எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. மூத்த மச்சியின் பிள்ளைகளுக்குச் சென்னையில் பள்ளிக்கூடமும் ஃபிளாட்டும் முன்பே ஏற்பாடாகியிருந்தது. சின்ன ஓரகத்திக்கு, கைக்குழந்தையோடு போக, விசா வந்தது. அடுத்த மாதமே, இன்க்ரிமெண்ட் கிடைத்து, எனக்கும் விசா வந்தது.

பெரிய மச்சான், அதாவது என் கணவரின் மூத்த அண்ணன், போனில் கூப்பிட்டார். மூத்த மச்சிதான் பேசினார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். மச்சி "ம்", "சரி", "அவகிட்ட கேட்க வேணாமா?" என்றெல்லாம் சொல்வது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குப் பிள்ளைங்க படிப்பு. சின்னவ கைக்குழந்தைக்காரி. உனக்கு இன்னும் பிள்ளை குட்டின்னு ஆகலை. நீ மாமியோட இருந்தா நல்லதுன்னு முடிவு பண்ணியிருக்காங்க. உன் வீட்டுக்காரரும் சரின்னுட்டாராம்." போன் ஒயரை நீவிவிட்டுக்கொண்டே, "உனக்குப் பொறுமை ஜாஸ்தின்னு அவருதான் சொன்னாராம்" என்றார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "கொஞ்ச நாள்தானே. உம்மா எழுந்து நடந்துட்டா உடனே மறுபடி விசா எடுத்துடலாம்."

பிள்ளை இல்லாததற்குக் காரணம் கேட்க என் நாக்கு துடித்தது. பக்கத்தில் மாமி கண்மூடிப் படுத்திருந்தார்கள். "சரிங்க" என்று வைத்துவிட்டேன். அந்த விசாவின் நாள் முடிந்துபோனது. ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். வாடகைக் கார் வந்து நிற்கும், நெய்ச்சோறு வேகும், அழுவோம், கதவைச் சாத்துவேன். பிறகு பூட்டிய அறைகளும் நானும் மாமியும்.

ஒருநாளில் யாரிடமும் பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டேன். தொழுகை, கஞ்சி, மாத்திரை, படுக்கை விரிப்பு. மாமிக்கும் எனக்கும் நடுவில் கோபம் ஒன்று கிடந்தது. அவர்களைத் தூக்கும்போது என் கைக்கு அது தெரியும். அவர்கள் உடம்புக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு மத்தியானம், மாமி முகட்டைப் பார்த்தபடியே, "அந்தச் சீட்டைக் கொண்டா" என்றார்கள்.

நான் அசையவில்லை. "காது கேக்கலையா? அந்தச் சீட்டைக் கொண்டா, புள்ள. அதுல என்னா இருக்குன்னு நானும் பார்க்கிறேன்."

முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். மடியில் பலகை. சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இத்தனை வருஷமும் முகத்தைத் திருப்பியபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். எது ஜோடி, எது வரிசை, கண்மூடி யாருக்கு, எல்லாம் தெரிந்திருந்தது.

இரண்டே பேர் ஆடும் ஆட்டம் இன்னொரு ரகம். இலவச ஆட்டமே கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருத்தி ஒன்று, இன்னொருத்தி இரண்டு, வைத்தே ஆகவேண்டும். மூன்று பேருக்கு நான் கற்றுக்கொண்டதுகூட இங்கே போதவில்லை. மாமி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஏழும் மூன்றும் வைத்துக்கொண்டு ஏற்றினார்கள். நான் ஜாக்கியும் நாலும் வந்ததென்று போட்டுவிடுவேன், அவர்கள் சீட்டைத் திருப்பிக் காட்டி, "இதுக்கா பயந்தே?" என்பார்கள். முதல் வாரம் முழுக்கத் தோற்றேன்.

"மாமி, இவ்வளவு மோசமான சீட்டை யாராவது ஏத்துவாங்களா?"

"என்கிட்ட இருக்கிறதுதானே நான் ஆட முடியும்? நல்லதா வரும்னு எவ்வளவு நாளு பார்த்துக்கிட்டிருக்கிறது?"

நான் மெல்ல மாறினேன். ராணி வந்தால் நின்றேன். ஜாக்கிக்கும் நின்றேன். எட்டுக்கு மேல் இரண்டு சீட்டு இருந்தால் நின்றேன். மாமி ஏற்றினால் நானும் திருப்பி ஏற்றினேன். அது என் குணத்துக்கு ஒத்துவராத ஆட்டம். ஆனால் ஒரு கட்டத்தில் மாமியின் கண் சுருங்குவதைப் பார்க்கப் பழகினேன். கையில் ஒன்றுமில்லை என்றால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு சரிக்குச் சரியாக ஆடினோம்.

அப்படி ஒரு ஆட்டத்தின் நடுவில், சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்கள்: "உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கிறது நான்னு நெனைக்கிறியா?"

இரண்டு பித்தானை வைத்தேன். "ஆமா மாமி."

"நான் அவனுங்ககிட்ட கேக்கலை." அவர்களும் இரண்டு பித்தானை வைத்தார்கள். "ஆனா வேணாம்னும் சொல்லலை. சொல்லியிருக்கலாம். சொன்னா என்னை யாரு தூக்குவா?"

அவர்களுடைய கணவர் மலேயாவில் கடை வைத்திருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவரோடு போக இவர்களுக்கும் ஆசை இருந்ததா என்று அன்றைக்குக் கேட்டேன். "டிக்கெட்டே வந்துச்சு" என்றார்கள். அவர்கள் மலேயாவைப் பார்த்ததே இல்லை. என் கோபம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதன் பிறகு அது எங்களுக்கு நடுவில் கிடக்கவில்லை. இருவர் பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது.

மாமிக்கு எடுத்த எக்ஸ்ரேயைத் தஞ்சாவூர் டாக்டரிடம் காட்டவேண்டியிருந்தது. கொண்டுபோக வேண்டிய உறவுக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஒரு காலையில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மாமிக்குத் துணை இருக்கச் சொல்லிவிட்டு, புர்கா போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே கவரை எடுத்தேன்.

"எங்கே?" என்றார்கள் மாமி.

"தஞ்சாவூருக்கு."

"யாரோட?"

"தனியாத்தான்."

கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. திருவாரூர் வரை பஸ், பிறகு பாசஞ்சர் ரயில். நீடாமங்கலத்தில் ரயில் வெகுநேரம் நின்றது. இறங்கி பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் குடித்தேன். கல்யாணமான பிறகு யாரையும் கேட்காமல் நான் வாங்கிய முதல் பொருள் அந்த டீயாக இருக்கும். சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

என்னை யாரோ பார்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பெரிய மச்சானின் போன் வந்தது. "தனியா ரயில்ல போனியாமே, ஊரு என்ன பேசும்?" என்று ஆரம்பித்தார். மாமி கட்டிலிலிருந்து கையை நீட்டி, "கொடு" என்றார்கள்.

"நான்தான் அனுப்பினேன்" என்றார்கள் போனில். "நீ வந்து எடுத்துக்கிட்டுப் போறியாடா அந்தப் படத்தை? இல்லேல்ல? அப்ப சும்மா இரு. இனிமேலும் அனுப்புவேன்."

போனை என்னிடம் தந்துவிட்டு, மூச்சு வாங்க, தலையணையில் சாய்ந்தார்கள். "ஒண்ணுமே இல்லாம ஏத்தினேன். போட்டுட்டான்."

இருவரும் சிரித்தோம். மாமிக்குச் சிரித்தால் இடுப்பு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

மாமி கடைசிவரை நடக்கவில்லை. வருஷங்கள் அப்படியே போயின. என் கணவர் விடுமுறைக்கு வருவார், போவார். பிள்ளை உண்டாகவே இல்லை. மாமி ஒரு விடியற்காலையில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒளு செய்ய நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள், மவுத்தாகிவிட்டார்கள். நாலு மகன்களில் இருவரால்தான் வந்து சேரமுடிந்தது.

அதன் பிறகு ஒரு வழியாக, மூன்று மாத விசிட் விசாவில், நானும் விமானம் ஏறினேன். ஷார்ஜாவில் உயரமான கட்டடம் ஒன்றில் ஒரு அறையும் சமையல் மூலையும். ஜன்னலுக்குக் கீழே கார்கள் நிறுத்துகிற மைதானம், அதற்கப்பால் இன்னொரு கட்டடத்தின் முதுகு. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். மொழி தெரியாது, வழி தெரியாது, வெயிலில் நடக்கவும் முடியாது. துபாயிலிருந்த இரண்டாவது ஓரகத்தி ஒருமுறை வந்தாள். "இங்க வந்து இத்தனை வருஷமாச்சு. கடலைக் காரு கண்ணாடி வழியாத்தான் பார்த்திருக்கேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அவரும் நானும் ஆடினோம். அவருடைய அறைத்தோழர்கள் எல்லாம் எப்போதோ ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். அவர் சீட்டைப் பார்ப்பார், கவிழ்ப்பார். பார்ப்பார், கவிழ்ப்பார். நான் ஒவ்வொரு தடவையும் ஏற்றிக்கொண்டே போனேன். கட்டியிருந்த பித்தானெல்லாம் என் பக்கம் வந்துவிட்டது.

"எனக்கு நல்ல சீட்டே வரமாட்டேங்குது" என்றார்.

"வந்ததெல்லாம் நல்ல சீட்டுதான். நீங்க ஆறு பேரோட ஆடுறீங்க" என்றேன். "இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

போனில் எனக்குப் பாடம் சொன்னவர்தான் அவர். அது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையிலிருந்த சீட்டைப் போடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "டீ போடட்டா?" என்று எழுந்தார். அவர் எனக்கு டீ போட்டுத் தந்தது அதுதான் முதல் தடவை. நல்ல மனிதர்தான். அந்த அறைக்குள் எங்கள் இருவருக்கும் நிற்க இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று மாத விசா முடிகிற நேரம், நீட்டிக்கலாமா என்று கேட்டார். "வேணாங்க. நான் ஊருக்குப் போறேன்" என்றேன்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நீங்க வரணும்னா வாங்க. இனிமே நான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கமாட்டேன். அங்க இருப்பேன், அவ்வளவுதான்."

அவர் அதற்கு அடுத்த வருஷம் கணக்கை முடித்துக்கொண்டு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அவராக எடுத்த முடிவு.

திருச்சியில் இறங்கியபோது யாரையும் வரச்சொல்லியிருக்கவில்லை. தஞ்சாவூருக்கு பஸ், அங்கிருந்து திருவாரூருக்கு இன்னொரு பஸ். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, பெட்டியில் விமானத்துக்காக ஒட்டியிருந்த துண்டுத்தாளைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுலேர்ந்தா வர்றீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எத்தனை வருஷம்?"

"மூணு மாசம்தான்."

"லீவுல வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க, முடிஞ்சிடுச்சு."

அந்த அம்மா எழுந்து இடம் மாறி, எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார். வெளியே சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.